எலெயோனோரா ஃபொன்சேகா பிமென்டெல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியில் அரசியல் பத்திரிகை நடத்திய முன்னோடிப் பெண் என்று எலெயோனோராவைப் பற்றிப் பேச்செடுத்தாலே, கேட்பவர்கள் பெரும்பாலும் தூக்குமேடையிலிருந்துதான் தொடங்குவார்கள். எனக்கு அவர் முதலில் ஒரு பத்திரிகை ஆசிரியர். நான்கு மாதங்களில் 35 இதழ்கள் கொண்டுவந்தவர். பத்திரிகை மேசையில் வேலை பார்த்த எவருக்கும் அந்த எண்ணிக்கையின் பாரம் புரியும். அவரைப் பற்றிப் பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளையும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1752 ஜனவரி 13 அன்று ரோம் நகரில் பிறந்தவர். கவிஞர், மொழிபெயர்ப்பாளர். 1799இல் நேப்பிள்ஸில் மன்னராட்சி விழுந்து குடியரசு பிறந்தபோது, 'மோனித்தோரே நாப்போலெத்தானோ' என்ற பத்திரிகையின் ஆசிரியரானார். குடியரசு ஐந்து மாதத்துக்குள் நசுக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று நேப்பிள்ஸின் சந்தைச் சதுக்கத்தில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 47.

பெயர் போர்ச்சுகீசியப் பெயர், பிறந்தது ரோமில், வாழ்ந்தது நேப்பிள்ஸில். இவரை இத்தாலியர் என்று சொல்லலாமா?

இத்தாலி என்ற நாடே 1861இல்தான் உருவானது. அதற்கு முன் அந்தத் தீபகற்பம் பல அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. போப்பாண்டவரின் அரசு ஒன்று, நேப்பிள்ஸ் அரசு இன்னொன்று.

எலெயோனோராவின் பெற்றோர் போர்ச்சுகல் நாட்டுப் பிரபு வம்சத்தைச் சேர்ந்தவர்கள். இயேசு சபைத் துறவிகளைப் போர்ச்சுகல் வெளியேற்றியதை ஒட்டி லிஸ்பனுக்கும் ரோமுக்கும் பகை முற்றியது. 1760இல் உறவு முறிந்ததும் ரோமில் இருந்த போர்ச்சுகீசியக் குடும்பங்கள் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. எட்டு வயதுச் சிறுமி அப்படித்தான் நேப்பிள்ஸுக்கு வந்து சேர்ந்தார். படித்தது, எழுதியது, மணந்தது, சிறைப்பட்டது, இறந்தது எல்லாம் அந்த ஊரில்தான். இத்தாலிய மொழியில் எழுதினார். நேப்பிள்ஸ் மக்களின் பேச்சுமொழிக்காக வாதாடினார். அவரை அந்த மண்ணின் பெண் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் அவர் போர்ச்சுகீசிய வம்சம் என்பதைக் கடைசி நாளில் அவருக்கு எதிராகவே பயன்படுத்தினார்கள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இளமையில் அரச குடும்பத்தைப் புகழ்ந்து பாடியவர்தானே?

ஆமாம், பாடினார். மறைக்க வேண்டியதில்லை. தாய்மாமன் ஒருவர் பாதிரியார். அவரிடம் படித்து லத்தீனும் கிரேக்கமும் கற்றார். 1768இல் மன்னர் நான்காம் ஃபெர்டினாண்டுக்கும் ஆஸ்திரிய இளவரசி மரியா கரோலினாவுக்கும் திருமணம் நடந்தபோது வாழ்த்துக் கவிதை எழுதி அச்சேற்றினார். அப்போது அவருக்கு 16 வயது. இலக்கியக் கழகங்கள் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டன. அந்தக் காலத்தின் பெரும் கவிஞரான மெத்தஸ்தாசியோ அவரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 'தாகுஸ் நதியின் பேரன்புக்குரிய கலைமகள்' என்று அவரைக் குறிப்பிட்டார். தாகுஸ், லிஸ்பனை ஒட்டிப் பாயும் நதி.

அந்தப் புகழ்ச்சியை வெறும் காக்காய் பிடிக்கும் வேலை என்று ஒதுக்கிவிடக் கூடாது. அன்றைய படித்தவர்களுக்கு மன்னரின் மேல் உண்மையான நம்பிக்கை இருந்தது. மன்னர் மனம் வைத்தால் சீர்திருத்தம் வரும், பாதிரிமாரின் பிடியும் பிரபுக்களின் பிடியும் தளரும் என்று எதிர்பார்த்தார்கள். எலெயோனோராவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

இதற்கு ஓர் உதாரணம் உண்டு. நேப்பிள்ஸ் மன்னர் ஆண்டுதோறும் போப்பாண்டவருக்கு ஒரு வெள்ளைக் குதிரையும் பணமும் கப்பமாக அனுப்புவது நூற்றாண்டுகள் பழைய வழக்கம். 1788இல் ஃபெர்டினாண்ட் அதை நிறுத்தினார். எலெயோனோரா மகிழ்ந்து மன்னரைப் பாராட்டிக் கவிதை எழுதினார். அதோடு விடவில்லை. நேப்பிள்ஸ் அரசின் மேல் போப்புக்கு எந்த உரிமையும் இல்லை என்று வாதிடும் ஒரு சட்ட நூலை லத்தீனிலிருந்து மொழிபெயர்த்து, தன் குறிப்புகளையும் சேர்த்து 1790இல் வெளியிட்டார். வாழ்த்துப்பாவில் தொடங்கிய எழுத்து அதற்குள் சட்ட விவாதத்துக்கு வந்துவிட்டது.

அவருடைய திருமண வாழ்க்கை எப்படி இருந்தது?

1778இல் பாஸ்குவாலே திரியா தெ சொலிஸ் என்ற ராணுவ அதிகாரியை மணந்தார். பிறந்த ஒரே மகன் பிரான்செஸ்கோ, வயது ஒன்று நிறையும் முன்பே 1779இல் இறந்துபோனான். கணவர் அடிக்கிறவர். கர்ப்பமாக இருந்தபோதும் அடி விழுந்தது, கருவும் கலைந்தது.

மகன் இறந்ததைப் பற்றி சானட் வடிவில் சில கவிதைகளும், கருச்சிதைவைப் பற்றி ஓர் இரங்கற்பாவும் எழுதினார். இரண்டாவது கவிதையின் முன் கொஞ்சம் நிற்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் ஒரு பெண் தன் கரு கலைந்த வேதனையைப் பொருளாக்கி, தன்னைக் காப்பாற்றிய மருத்துவரின் கைத்திறனுக்கு நன்றி சொல்லி எழுதுகிறார். எது கவிதைக்கு ஏற்றது, எது வெளியே சொல்லத் தகுந்தது என்று ஊர் போட்டிருந்த கோட்டை அவர் அப்போதே தாண்டிவிட்டார். பின்னாளில் அரசியலைப் பற்றி வெளிப்படையாக எழுதிய துணிச்சலுக்கு வேர் இங்கே இருக்கிறது என்பது என் எண்ணம்.

மகள் படும் பாட்டைப் பொறுக்க முடியாமல் தந்தையே 1784இல் நீதிமன்றம் போனார். வழக்கின் முடிவில் தம்பதி பிரிந்தார்கள். தந்தையும் 1785இல் காலமானார். அதன்பின் எலெயோனோரா தனியாகத்தான் வாழ்ந்தார். அரசவை தந்த சிறு உதவித்தொகை ஓரளவு கை கொடுத்தது.

மன்னரை நம்பியவர் குடியரசுக்காரர் ஆனது எப்படி?

மன்னரும் அரசியும் மாறினார்கள். அரசி மரியா கரோலினா, பிரான்ஸ் அரசி மரி அந்துவானெத்தின் உடன்பிறந்த அக்கா. 1793 அக்டோபரில் பாரிஸில் தங்கையின் தலை விழுந்தது. அதன்பின் நேப்பிள்ஸ் அரண்மனையில் சீர்திருத்தம் என்ற சொல்லுக்கே இடமில்லாமல் போயிற்று. நேற்றுவரை அரசவையில் வரவேற்பு பெற்ற படிப்பாளிகள் உளவாளிகளின் பட்டியலில் ஏறினார்கள். 1794 அக்டோபரில் சதி செய்ததாக மூன்று இளைஞர்களைத் தூக்கிலிட்டார்கள். அவர்களில் ஒருவரான எமானுவேலே தெ தேயோவுக்குச் சுமார் 20 வயதுதான்.

எலெயோனோராவும் கண்காணிப்பில் இருந்தார். வந்துகொண்டிருந்த உதவித்தொகை நின்றது. 1798 அக்டோபரில், ஜேக்கபின் என்று குற்றம் சாட்டி விக்காரியா சிறையில் அடைத்தார்கள். ஜேக்கபின் என்பது பிரெஞ்சுப் புரட்சியில் தீவிரப் போக்குக் கொண்ட குழுவின் பெயர். நேப்பிள்ஸில் பிடிக்காத எவர் மேலும் ஒட்டும் முத்திரையாக அது மாறியிருந்தது. அவர் தள்ளப்பட்டது அரசியல் கைதிகளுக்கான தனி அறையில் அல்ல. சாதாரணக் குற்றவாளிகள் நிறைந்த சிறையில்.

1799 ஜனவரியில் நேப்பிள்ஸில் என்ன நடந்தது?

மன்னர் ஃபெர்டினாண்ட் பிரெஞ்சுப் படை பிடித்து வைத்திருந்த ரோமின் மேல் 1798 நவம்பரில் படையெடுத்தார். சில நாள் வெற்றி, பிறகு ஓட்டம். பிரெஞ்சுப் படை திரும்பித் துரத்தியதும், டிசம்பர் கடைசியில் மன்னரும் அரசியும் கருவூலத்தை மூட்டை கட்டிக்கொண்டு ஆங்கிலேயத் தளபதி நெல்சனின் 'வான்கார்டு' கப்பலில் சிசிலித் தீவின் பலேர்மோவுக்குப் போய்விட்டார்கள். எதிரி கைக்குப் போகக் கூடாது என்று நேப்பிள்ஸின் சொந்தப் போர்க்கப்பல்களுக்கே தீ வைக்கப்பட்டது.

ஊர் ஆளில்லா வீடானது. தெருக்கள் 'லாத்சரி' கையில் போயின. துறைமுகத்திலும் சந்தையிலும் அன்றாடம் பிழைத்த ஏழை மக்களுக்கு அந்த ஊர் வைத்திருந்த பெயர் அது. அவர்கள் மன்னரையும் மதத்தையும் உயிராகக் கருதியவர்கள். சிறைகளைத் திறந்துவிட்டவர்களும் அவர்கள்தான். அப்படித்தான் எலெயோனோரா வெளியே வந்தார். அவர் விடுதலை பெற்றது, அவரையே எதிரியாகப் பார்த்த மக்களின் கையால்.

குடியரசுவாதிகள் நகரத்தின் மேலே குன்றின் மீதிருந்த சாந்தெல்மோக் கோட்டையைப் பிடித்தார்கள். எலெயோனோராவும் அவர்களோடு இருந்தார். விடுதலைப் பாடல் ஒன்றும் இயற்றினார். கீழே லாத்சரிகள் பிரெஞ்சுப் படையை எதிர்த்துத் தெருத் தெருவாக மூன்று நாள் போரிட்டு மடிந்தார்கள். ஜனவரி 23 அன்று தளபதி ஷாம்பியோனேயின் படை நகருக்குள் நுழைந்தது. குடியரசு பிறந்த நாளிலேயே ஊர் மேலும் கீழுமாக இரண்டுபட்டுக் கிடந்தது.

'மோனித்தோரே' எப்படிப்பட்ட பத்திரிகை?

முதல் இதழ் 1799 பிப்ரவரி 2, சனிக்கிழமை. கடைசி இதழ் ஜூன் 8. வாரம் இரண்டு முறை, செவ்வாயும் சனியும் வந்தது. தேதி பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டிப்படியும் போடப்பட்டது: குடியரசின் ஏழாம் ஆண்டு, மழை மாதம், 14ஆம் நாள். எழுதுவதும் செய்தி திரட்டுவதும் பெரும்பாலும் அவர் ஒருவரே. பிரபு வம்சத்தைக் காட்டும் 'தெ' என்ற ஒட்டையும் தன் பெயரிலிருந்து எடுத்துவிட்டார்.

முதல் இதழ் இப்படித் தொடங்குகிறது: "இறுதியில் நாம் விடுதலை பெற்றோம். சுதந்திரம், சமத்துவம் என்ற புனிதப் பெயர்களை உச்சரிக்கும் நாள் நமக்கும் வந்துவிட்டது." மூன்றரை மாதம் சிறையில் கிடந்து வெளிவந்த ஒருவர் எழுதியது என்று நினைத்துப் படித்தால் அந்த 'இறுதியில்' என்ற சொல் கனக்கும்.

உள்ளே என்ன இருந்தது? அரசின் ஆணைகள், சட்டக் குழுவின் விவாதங்கள், மாகாணங்களிலிருந்து வந்த செய்திகள், பிரெஞ்சுப் படையின் நடமாட்டம், அதனோடு ஆசிரியரின் கருத்து. அரசு ஆதரவுப் பத்திரிகைதான்; ஆனால் அரசைத் தட்டிக் கேட்டது. நிலப்பிரபுத்துவ ஒழிப்புச் சட்டம் பற்றிய விவாதம் வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனபோது, அதை இதழ் இதழாகப் பின்தொடர்ந்து எழுதினார். பிரபுக்களுக்கு நஷ்டஈடு தரலாமா, காடு கழனி யாருக்கு என்று உறுப்பினர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். தெற்கே கிராமங்கள் ஒவ்வொன்றாக எதிரிப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தன. ஏப்ரல் 25 அன்று சட்டம் நிறைவேறியபோது காலம் கடந்துவிட்டது. குடியரசு விழுந்தபின், 1806இல் பிரெஞ்சு ஆட்சியில்தான் நேப்பிள்ஸில் நிலப்பிரபுத்துவம் சட்டப்படி ஒழிந்தது.

குறையும் சொல்ல வேண்டும். கடைசி வாரங்களில் மோனித்தோரேயின் தொனியில் நம்பிக்கை சற்று அதிகம். எதிரிப் படை நெருங்கிய வேகம் அந்தப் பக்கங்களில் அப்படியே தெரியவில்லை. முற்றுகைக்குள் இருக்கும் ஆசிரியர் வாசகரின் மனம் தளரக் கூடாது என்று நினைப்பது புரிந்துகொள்ளக்கூடியது. ஆனாலும் செய்தி செய்திதான். கடைசி இதழ் வந்த ஐந்தாம் நாள் நகரம் விழுந்தது.

அவர் பாமர மக்களைக் கேவலமாகப் பார்த்தார் என்கிறார்களே?

இந்தக் குற்றச்சாட்டுக்குப் பிடி கொடுக்கும் ஒரு வாக்கியம் மோனித்தோரேயில் இருக்கிறது. மக்கள்தொகையில் பெரும்பகுதியை, நல்ல கல்வி வந்து 'மக்கள்' என்ற உண்மையான மதிப்புக்கு அவர்களை உயர்த்தும் வரை, 'பிளெபே' என்றே அழைக்க வேண்டியிருக்கிறது என்ற பொருளில் எழுதினார். பிளெபே என்றால் கீழ்த்தட்டு ஜனக்கூட்டம். இன்று படிக்கும்போது காதில் உறுத்தத்தான் செய்கிறது.

ஆனால் அந்த வாக்கியத்தை எழுதியவர் அடுத்து என்ன செய்தார் என்று பாருங்கள். அந்த மக்களுக்குப் புரியும் மொழியில் பேசாதது நம் தவறு என்றார். நேப்பிள்ஸில் அன்று சுமார் 4 லட்சம் பேர். லண்டன், பாரிஸ் அளவுக்குப் பேசப்பட்ட பெருநகரம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சிறுபான்மை. தெருவில் பேசிய மொழி நாப்போலித்தானோ; மோனித்தோரே வந்த மொழியோ இலக்கிய இத்தாலியன். எலெயோனோரா இந்த இடைவெளியை நேராகப் பார்த்தார். நாப்போலித்தானோ மொழியிலேயே ஒரு பத்திரிகை வர வேண்டும் என்று எழுதினார். அதைக் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்தது.

துறைமுகக் கரையில் கதைப்பாடகர்கள் நின்று ரினால்டோ என்ற வீரனின் சாகசங்களைப் பாடுவார்கள். மீனவரும் சுமை தூக்கிகளும் சுற்றி நின்று கேட்பார்கள். அந்தப் பாடகர்களே குடியரசின் கதையைப் பாடட்டும் என்றார். பொம்மலாட்டக்காரர்களும் வித்தைக்காரர்களும் அதே வேலையைச் செய்யட்டும் என்றார். நாப்போலித்தானோவில் நற்செய்தி சொல்லிக் குடியரசை விளக்கிய துறவிகளை ஆதரித்தார். மத குருமார் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்வது போல, குடிமைப் பிரசங்கம் செய்ய ஆள் அனுப்ப வேண்டும் என்று யோசனை சொன்னார்.

லத்தீனும் கிரேக்கமும் படித்தவர், அரசவைக் கவிஞராகத் தொடங்கியவர், பொம்மலாட்டக்காரரைத் தன் தொழில் கூட்டாளியாகப் பார்க்கிறார். அவரோடு சேர்ந்து குடியரசை நடத்திய பெரிய சட்ட மேதைகளில் பலருக்கு இந்தக் கண் இல்லை. கேவலமாகப் பார்த்தவர் இப்படி யோசிக்க மாட்டார் என்பது என் பதில். மேலிருந்து பார்த்தார் என்று வேண்டுமானால் சொல்லுங்கள். அதை நான் மறுக்கவில்லை.

பிரெஞ்சுக்காரர்களின் கைப்பாவையாக இருந்தாரா?

பிரெஞ்சுப் படை இல்லாமல் அந்தக் குடியரசு பிறந்திருக்காது, உண்மை. அந்தப் படை இலவசமாகவும் வரவில்லை. நேப்பிள்ஸ் நகரத்தின் மேல் மட்டும் 25 லட்சம் டுகாட் (அன்றைய நேப்பிள்ஸ் நாணயம்) போர்த்தண்டம் விதித்தார்கள். பிரெஞ்சு அரசு அனுப்பிய ஆணையர் ஃபைபூல், அரச குடும்பத்தின் சொத்தெல்லாம் பிரான்சுக்குச் சொந்தம் என்று அறிவித்தார். எரிமலைச் சாம்பல் மூடிய பழைய நகரமான பொம்பேயில் புதைந்து கிடந்த பழம்பொருட்கள்கூட அந்தப் பட்டியலில் அடங்கும். தளபதி ஷாம்பியோனே அவரை நகரைவிட்டே வெளியேற்றினார். அதற்குத் தண்டனையாகத் தளபதியைப் பாரிஸ் திரும்ப அழைத்துக்கொண்டது. அவர் இடத்துக்கு மக்டொனால்டு வந்தார்.

எலெயோனோரா இந்தச் சுரண்டலைக் கண்டித்து எழுதினார். படைவீரர்களின் அத்துமீறல்களையும் விடவில்லை. பாதுகாப்புத் தரும் படையைக் குறைகூறி அச்சேற்றுவதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இத்தாலியின் முதல் பெண் பத்திரிகையாளர் இவர்தானா?

அப்படிச் சொல்வது சரியல்ல. அவருக்கு ஒரு வயது மூத்தவரான எலிசபெத்தா காமினேர் துர்ரா வெனிஸ் அரசில் பல ஆண்டுகள் இலக்கிய, அறிவியல் சஞ்சிகை நடத்தியவர். அவருடைய பெயரை விழுங்கிவிட்டு எலெயோனோராவுக்குப் பட்டம் சூட்டக் கூடாது. அன்றாட அரசியலை எழுதும் செய்திப் பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டால், இத்தாலியில் முன்னோடி எலெயோனோராதான்.

பெண்ணுரிமைக்காக எழுதினாரா?

அதிகம் எழுதவில்லை. குடியரசுக்காகச் சட்ட அறிஞர் மாரியோ பகானோ தயாரித்த அரசமைப்பு வரைவிலும் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. அந்த வரைவும் நடைமுறைக்கு வரவே இல்லை. அவர் தனக்குக் கிடைத்த பக்கங்களைக் குடிமக்கள் எல்லாருக்குமான கேள்விகளுக்கே செலவிட்டார்.

குடியரசு ஏன் அவ்வளவு சீக்கிரம் விழுந்தது?

முதல் இதழ் வந்து ஆறே நாளில், பிப்ரவரி 8 அன்று, கர்தினால் ஃபப்ரீத்சியோ ரூஃபோ சிறு குழுவோடு தெற்கே கலாப்ரியா மாகாணக் கரையில் இறங்கினார். மன்னருக்காகவும் மதத்துக்காகவும் என்று அழைப்பு விடுத்து விவசாயிகளைத் திரட்டினார். 'புனித விசுவாசப் படை' என்று பெயர். வரி தள்ளுபடியும் கொள்ளைப் பங்கும் சேர்ந்துகொள்ள, படை பல்லாயிரமாகப் பெருகியது. ரூஃபோ அந்த மக்களின் மொழியில் பேசினார். எலெயோனோரா செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்ததை எதிரி செய்து முடித்துவிட்டார்.

வட இத்தாலியில் தோல்வி மேல் தோல்வி வந்ததால் மே மாதத் தொடக்கத்தில் மக்டொனால்டு படையை அழைத்துக்கொண்டு வடக்கே போய்விட்டார். ஜூன் 13, பதுவை அந்தோணியார் திருநாளன்று ரூஃபோவின் படை நேப்பிள்ஸுக்குள் புகுந்தது. அடுத்த சில நாட்கள் நகரில் நடந்த கொலைகளை இங்கே விவரிக்க எனக்கு மனமில்லை.

சமாதான ஒப்பந்தம் ஆகிக் கப்பலில் ஏறியவர் தூக்குக்கு வந்தது எப்படி?

அந்த வரலாற்றிலேயே என்னால் ஆறாத இடம் இதுதான். கடலோரக் கோட்டைகளில் அடைபட்டிருந்த குடியரசுவாதிகளோடு ரூஃபோ சரணடைவு ஒப்பந்தம் செய்தார். ஆங்கிலேயக் கப்பற்படைக் கேப்டன் ஃபூட்டும், ரஷ்ய, துருக்கியப் பிரதிநிதிகளும் கையெழுத்திட்டார்கள். விருப்பப்பட்டவர்கள் பிரான்சின் துலோன் துறைமுகத்துக்குக் கப்பலில் போகலாம், இருப்பவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது நிபந்தனை.

ஜூன் 24 அன்று நெல்சனின் கப்பற்படை வந்தது. கலகக்காரர்களோடு மன்னர் ஒப்பந்தம் செய்ய மாட்டார் என்று நெல்சன் அதைச் செல்லாது என்றார். ரூஃபோவே எதிர்த்துப் பார்த்தார், பலிக்கவில்லை. குடியரசின் கடற்படைத் தளபதி பிரான்செஸ்கோ கராச்சியோலோவை ஜூன் 29 அன்று விசாரித்து அதே நாளில் கப்பலின் பாய்மரக் கழியில் தூக்கிலிட்டார்கள். துலோனுக்குப் போகக் காத்திருந்த கப்பல்களிலிருந்து முக்கியமானவர்களைத் தேடிப் பிடித்து இறக்கினார்கள். அவர்களில் எலெயோனோராவும் ஒருவர். அவர் ஆயுதம் ஏந்தியவர் அல்ல, ஆணை பிறப்பித்தவரும் அல்ல. பத்திரிகை எழுதினார்.

கடைசி நாளைப் பற்றிச் சொல்வதெல்லாம் உண்மையா?

உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு. ஆகஸ்ட் 17 அன்று மரண தண்டனை விதித்தார்கள். பிரபு வம்சம் என்பதால் தூக்குக்குப் பதில் தலை துண்டிக்கும்படி கேட்டார். தூக்கு என்பது அன்று சாமானியக் குற்றவாளிகளுக்கான அவமானச் சாவு. அவருடைய வம்சப் பெருமை போர்ச்சுகலுடையது, நேப்பிள்ஸுடையது அல்ல என்று மறுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் 20 அன்று அவரோடு சேர்த்து எட்டுப் பேர். நேப்பிள்ஸ் பிரபுக்களான ஜென்னாரோ செர்ராவுக்கும் ஜூலியானோ கொலொன்னாவுக்கும் வாள். விக்கோ எக்வென்சே ஊரின் ஆயர் மிக்கேலே நத்தாலே உள்பட மற்றவர்களுக்குக் கயிறு.

புறப்படும் முன் காபி கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு பண்டைய ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் ஒரு வரியைச் சொன்னார்: "இதுவும்கூட ஒருநாள் நினைத்துப் பார்க்க இனிப்பாக இருக்கலாம்." புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய தோழர்களுக்கு வர்ஜிலின் காவிய நாயகன் ஈனியஸ் சொல்லும் ஆறுதல் அது. இதைப் பதிவு செய்தவர் அந்தப் புரட்சியில் தானும் பங்குகொண்டு நாடு கடத்தப்பட்ட வின்சென்த்சோ குவோக்கோ. தூக்கில் தொங்கும்போது பாவாடை விலகாமல் இருக்க ஒரு கயிறு கேட்டார், கிடைக்கவில்லை என்பது வாய்வழிக் கதை. அதை நான் உறுதியான செய்தியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நேப்பிள்ஸ்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

மக்கள் அவரைக் கேலி செய்து பாடினார்களாமே?

பாடினார்கள். மேடையில் பாடிய சீமாட்டி லியோனோரா இப்போது சந்தை நடுவில் ஆடுகிறாள் என்று பொருள்படும் ஒரு நாட்டுப்பாடல் நேப்பிள்ஸில் வழங்கியது. போப்பையும் அந்தோணியாரையும் தூக்குமரத்தையும் வாழ்த்தும் வரிகளும் அதில் உண்டு. அது நாப்போலித்தானோ மொழிப் பாடல். எந்த மொழியில் பத்திரிகை வேண்டும் என்று கேட்டாரோ, எந்தத் தெருப் பாடகர்களைத் துணைக்கு அழைத்தாரோ, அந்த மொழியில், அந்தத் தெருவில் பாடினார்கள். நான் முதலில் இதைப் படித்த நாள் எனக்கு வேலை ஓடவில்லை.

அந்தோணியாருக்கு ஏன் இத்தனை வாழ்த்து என்று கேட்பீர்கள். நேப்பிள்ஸின் காவல் புனிதர் ஜென்னாரோ. அவருடைய உறைந்த ரத்தம் உருகும் அற்புதம் பிரெஞ்சுக்காரர்கள் இருந்தபோதும் நிகழ்ந்ததால், புனிதரே ஜேக்கபின் ஆகிவிட்டார் என்று கோபித்துக்கொண்டு, காவல் பொறுப்பை அந்தோணியாருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நேப்பிள்ஸில் அவருக்கு இன்று என்ன மரியாதை?

அவர் பெயரில் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. இத்தாலி ஒன்றுபட்ட பிறகு ஓவியர்கள் அவரை வரைந்தார்கள். தூக்குமேடைக்கு அழைத்துச் செல்லப்படும் காட்சியை ஜூசெப்பே பொஸ்கெத்தோ தீட்டியது புகழ்பெற்றது. தத்துவ அறிஞர் பெனெதெத்தோ குரோச்சே அவருடைய வாழ்வை ஆவணங்களிலிருந்து தேடி எழுதினார். சந்தைச் சதுக்கம், பியாத்சா மெர்காத்தோ, இன்றும் அதே இடத்தில் இருக்கிறது.

அவர் எழுதியதைப் படிக்க விரும்பினால் எங்கே தொடங்குவது?

கவிதைகளில் தொடங்காதீர்கள்; அவற்றில் பல அந்தக் காலத்து அலங்கார நடையில் கட்டுண்டவை. மோனித்தோரேயின் இதழ்கள் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன. இத்தாலியன் ஓரளவு தெரிந்தவர்கள் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் இதழைப் படியுங்கள். அடுத்து, நாப்போலித்தானோ மொழியில் பத்திரிகை வேண்டும் என்றும் கதைப்பாடகர்களும் பொம்மலாட்டக்காரர்களும் வேண்டும் என்றும் அவர் எழுதிய பகுதிகளுக்குப் போங்கள். நிலச்சட்ட விவாதங்களைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு இதழின் தேதியையும் குறித்துக்கொண்டே படியுங்கள். ரூஃபோவின் படை அன்று எந்த ஊரில் இருந்தது என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். செவ்வாய், சனி, செவ்வாய், சனி என்று அந்தப் பெண் எந்த அவசரத்தில் எழுதினார் என்பது அப்போது தெரியும்.